பதினேழாம் எண் தகவலாளர்

காலை எட்டு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டவை இரண்டு பாதங்கள். தஞ்சாவூரில் என் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்யக் கொடுத்திருந்த நிலையத்தின் மாடிப்படியில், கீழிருந்து நான்காவது படியில், ஒன்றையொன்று ஒட்டியபடி இருந்தன. கணுக்கால் வரை சேறு காய்ந்து வெளுத்திருந்தது. நிமிர்ந்து பார்த்த பிறகுதான் ஆள் யாரென்று தெரிந்தது.

திருக்காட்டுப்பள்ளிக்கு அருகே ஒரு கிராமத்தில் நாலு மா நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்த அம்மா அவர். நாலு மா என்றால் ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மேல். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. கணவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. என் ஆய்வுக்குத் தகவல் தந்த முப்பத்தெட்டுப் பேரில் ஒருவர்.

"என்னம்மா, இன்னிக்கு உங்க வயல்ல நடவுன்னு சொன்னீங்களே?"

"நடவுதான் சார். ஆறு மணிக்கு ஆள எறக்கிவிட்டுட்டு பஸ்ஸப் புடிச்சேன். பத்து மணி பஸ்ஸுல திரும்பிடணும். நான் இல்லன்னா ரெண்டு பேரு வரப்புலயே குந்தி வெத்தல போட்டுக்கிட்டு இருப்பாளுங்க."

"அப்படி என்ன அவசரம்?"

"எம் பேரு அடிச்சாச்சான்னு பாக்க வந்தேன்."

இந்த ஆய்வுக்கு வருவதற்கு முன் எட்டு ஆண்டுகள் நான் ஒரு நாளிதழின் தஞ்சாவூர் நிருபராக இருந்தேன். அங்கே முதல் நாளே கற்றுக்கொடுத்தது, பெயர், அடைப்புக்குறிக்குள் வயது, ஊர். மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் திருச்சி அலுவலகத்திலிருந்து போன் வரும். விபத்தில் இறந்தவரானாலும், பூப்பந்தாட்டத்தில் வென்றவரானாலும், சாலை மறியலில் கைதானவரானாலும் இதுதான் முறை. முப்பத்தைந்தாவது வயதில் வேலையை விட்டுவிட்டு முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது நான் கையோடு கொண்டுபோனது இந்தப் பழக்கம் ஒன்றைத்தான்.

ஆய்வுப் பொருள் வாய்மொழிக் குத்தகை. எழுத்தில் எதுவும் இல்லாமல், பேச்சில் மட்டும் நடக்கும் நிலக் குத்தகை. குத்தகைதாரர் பெயரை அரசுப் பதிவேட்டில் ஏற்றலாம் என்ற சட்டம் சென்னையில் நிறைவேறிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அதை நிறைவேற்றிய கட்சி இரண்டாகப் பிரிந்து, பிரிந்ததில் ஒன்று ஆட்சியில் இருந்தது. அந்தக் கிராமத்தின் முனையில் கொடிக்கம்பங்கள் கூடியிருந்தன. எந்த வயலில் யார் பயிர் வைக்கிறார்கள் என்று எழுதும் அடங்கலில் மட்டும், அந்த அம்மாவின் நாலு மாவுக்கு நேரே, நிலத்துக்குச் சொந்தக்காரரான மிராசுதாரின் பெயரும் 'சொந்த சாகுபடி' என்ற இரண்டு சொற்களுமே ஆண்டுதோறும் இருந்துவந்தன.

குத்தகை நெல்லைக் களத்தில் அளப்பார்கள். முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்பார்கள். அப்புறம் ரெண்டு, மூணு. மிராசுதாரின் காரியக்காரர் ஒரு குச்சியால் தரையில் கோடு போட்டுக்கொண்டே வருவார். அளந்து முடிந்து மூட்டை வண்டியில் ஏறியதும் அந்தக் கோடுகளைக் காலால் தேய்த்து அழிப்பார். குத்தகை கொடுத்ததற்கு அதைத் தவிர வேறு எழுத்து எதுவும் கிடையாது. ரசீது கேட்பது மரியாதைக் குறைவு என்று குத்தகைக்காரர்களே சொன்னார்கள். குறுவைக்கு அடுத்த போகமான தாளடியின் மூன்று அறுப்புகளுக்கு அந்தக் களத்தின் ஓரத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். நாள், நேரம், வயல், ஆள், அளவு. அழிக்கப்படாத எழுத்து என் நோட்டில் இருந்தது.

முதல் ஆண்டு அந்த அம்மா என்னிடம் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பதர் தூற்றிக்கொண்டிருந்தார். பேசவைக்க நிருபர்கள் எப்போதும் சொல்வதைச் சொன்னேன்.

"உங்க பேரு புத்தகத்துல வரும்மா."

முறத்தை நிறுத்தினார். "பேரு வந்தா, இந்த நெலத்த நான்தான் பண்றேன்னு ஆவும்ல?"

"ஆகும்" என்றேன்.

அதன் பிறகு அவர் பேசியதை எழுத ஒரு முழு நோட்டு தேவைப்பட்டது. அவரும் கணவரும் அந்த மிராசுதாரின் பண்ணையாட்களாக இருந்தது, வரப்பு ஓரமாகக் கிடந்த பள்ளமான நிலத்தை அவர்களுக்கு முதலில் குத்தகைக்குக் கொடுத்தது, அதை மேடாக்க இரண்டு கோடை மண் சுமந்தது, கணவர் இறந்த பதினாறாம் நாள் காரியக்காரர் வந்து, இனி யார் உழுவது என்று கேட்டது, அவர் 'நான்' என்று சொன்னது எல்லாம் அதில் இருக்கின்றன.

அதே கிராமத்தில் பதினொரு பேர் இதற்கு நேர்மாறாகக் கேட்டார்கள். அந்த மிராசுதாரிடமே குத்தகைக்கு இருந்தவர்களும், கூலிக்குப் போகிறவர்களும். கள மரக்கால் கடை மரக்காலைவிடப் பெரியது, அதனால் கூடுதல் நெல் போகிறது என்று சொன்னவர்கள் அவர்கள்தான்.

"எல்லாம் எழுதிக்குங்க சார். பேரு மட்டும் வேணாம். பேரு தெரிஞ்சா நாளைக்கே அவரு வரப்புல மாடு ஓட்ட வுடமாட்டாரு. நாங்க ஆகாசத்துல பறந்தா வயலுக்குப் போறது?"

வராது என்று அவர்களுக்கும் சொன்னேன். இரண்டு வாக்கும் ஒரே நோட்டில், ஒரே பேனாவில் எழுதப்பட்டிருந்தன.

ஆய்வேடு எழுதும் முறைக்காக எங்கள் துறை நான்கு பக்கச் சுற்றறிக்கை ஒன்றைத் தந்திருந்தது. கட்டு கட்டுவதற்காக இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் விட வேண்டும். இயல் தலைப்பு நடுவில். மேற்கோள் நான்கு வரிக்கு மேல் போனால் உள்தள்ளி, ஒற்றை வரி இடைவெளியில். கள ஆய்வுக்கு இரண்டு முறைகளை அது அனுமதித்தது. முதல் முறையில் தகவலாளர்களின் பெயர், வயது, தொழில், ஊர், நிலமிருந்தால் அதன் சர்வே எண் எல்லாம் பின்னிணைப்பில் பட்டியலாக வரும். அடிக்குறிப்பிலும் பெயரே வரும். இரண்டாவது முறையில் தொடக்கம் முதல் முடிவு வரை எண் மட்டும். எந்த எண் யார் என்பது ஆய்வாளரிடமே இருக்கும். இரண்டையும் கலக்கக் கூடாது என்று கடைசி வரியில் அடிக்கோடிட்டிருந்தது.

என் நெறியாளர் அந்தத் தாளை மேசையில் வைத்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எது எடுத்துக்கப் போறீங்க?"

"முதல் முறைதான் சார். பேர் இல்லாம எனக்கு எழுத வராது."

"வரலேன்னா கத்துக்குங்க. பேப்பர்ல வர்ற பேரு மறுநாள் பஜ்ஜி மடிக்கப் போயிடும். இது லைப்ரரியில உட்கார்ந்திருக்கும். அந்த மிராசுதார் வீட்டுப் பையன் ஒருத்தன் இங்கதான் எம்.ஏ. படிக்கிறான். அவன் எடுத்துப் படிச்சா?"

"ஒருத்தர் மட்டும் தன் பேர் வரணும்னு கேக்கறாங்க சார்."

"ஒருத்தர் பேரையும் ஊரையும் போட்டுட்டீங்கன்னா, அவங்களைச் சுத்தி இருக்கிற பத்துப் பேர் யாருன்னு அந்த ஊர்ல பால்காரன் சொல்லிடுவான். முப்பத்தெட்டுக்கும் பேர், இல்லேன்னா முப்பத்தெட்டுக்கும் எண். யோசிச்சுட்டு வாங்க."

அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். நிருபராக இருந்தபோது ஒரு கூலித் தகராறு பற்றி எழுதினேன். படி நெல் குறைவாக அளக்கிறார்கள் என்று சொன்ன தொழிலாளியின் பெயர், வயது, ஊர் எல்லாம் செய்தியில் வந்தன. அந்த அறுப்புக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. அடுத்த அறுப்புக்கும் கூப்பிடவில்லை. சீர்காழிப் பக்கம் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். அந்தச் செய்தியில் ஒரு பிழையும் இல்லை.

இரண்டாவது முறையைத் தேர்ந்தெடுத்தேன். யாரை முதலில் சந்தித்தேனோ அந்த வரிசையில் எண் கொடுத்தேன். அந்த அம்மாவுக்குப் பதினேழு வந்தது. கிராமத்தின் பெயரும் போய், 'ஊர் ஆ' என்றாயிற்று. சர்வே எண்கள் போயின. இதை நேரில் போய் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். திருக்காட்டுப்பள்ளிக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். நான் போகவில்லை. வேறொரு வேலையாகப் போன ஒருநாள் வழியில் பார்த்தபோது, தஞ்சாவூரில் தட்டச்சு நடக்கிறது என்று மட்டும் சொன்னேன். எங்கே என்று கேட்டார். இடத்தையும் சொன்னேன்.

தட்டச்சு நிலையத்தை நடத்தியவர் நாற்பது வயதுப் பெண்மணி. அன்று காலை கதவைத் திறந்து எங்களை உள்ளே விட்டார். முடிந்த பக்கங்கள் நூற்றுப் பன்னிரண்டு ஒரு அட்டைக்குள் இருந்தன. அந்த அம்மா அதைக் கேட்டார்.

"கையைத் தொடச்சிட்டுத் தொடுங்கம்மா" என்றார் தட்டச்சு செய்தவர். "நாலு கார்பன் வச்சுக் குத்துனது. ஒரு எழுத்து அழிஞ்சா அஞ்சு தாள்ல திருத்தணும்."

முந்தானையில் இரண்டு கைகளையும் துடைத்துக்கொண்டு, அட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?"

"எம் பேரு தெரியும். மனுவுல கையெழுத்துப் போடணும்னு கத்துக்கிட்டேன். மத்த எழுத்தெல்லாம் அதுக்குத் துணைக்கு வந்த எழுத்துதானே" என்று சிரித்தார்.

முதல் பக்கத்தை எடுத்தார். ஆள்காட்டி விரலை மேல் வரியில் வைத்து, தாளில் படாமல், இடமிருந்து வலமாக நகர்த்தினார். அடுத்த வரி. அடுத்தது. முடிந்த தாளை அட்டையின் இடப்பக்கம் கவிழ்த்து வைத்தார். தட்டச்சு செய்தவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவர் இருபத்தாறாம் பக்கத்துக்கு வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

"அதுல பேரு இல்லம்மா. எல்லாருக்கும் நம்பர்தான். நீங்க பதினேழு."

விரல் அந்த வரியிலேயே நின்றது.

"பதினேழுன்னா?"

சொன்னேன். முறை, கலக்கக் கூடாது என்ற விதி, பெயர் வேண்டாம் என்றவர்கள் இருப்பது எல்லாம் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"ரேஷன் கார்டுலயும் நம்பரு இருக்கு சார். பக்கத்துல எம் பேரும் இருக்கு."

வரியிலிருந்து விரலை எடுத்தார்.

"அடுத்த வெள்ளிக்கிழம தாசில்தாரு கூப்புட்டிருக்காரு. நீ குத்தகைக்காரின்னு காட்ட என்ன வச்சிருக்கன்னு கேட்டாங்க. ஒரு சாரு மூணு வருஷமா களத்துல குந்தி எழுதுனாரு, புத்தகமா வருது, அதுல எம் பேரும் நெலத்து நம்பரும் இருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

குத்தகைப் பதிவுக்கு அவர் மனுக் கொடுத்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் கூலிக்கு வந்தவர், குத்தகைக்காரர் அல்ல என்பது மிராசுதாரின் பதில். மனு தள்ளுபடியானால் அந்த நிலத்தில் குத்தகைக்காரராக இறங்க முடியாது.

தட்டச்சு செய்தவர் இயந்திரத்தின் மேல் போட்டிருந்த துணியை மடித்தார். "சார், முறையை மாத்தறதுன்னா இப்பவே சொல்லிடுங்க. நூத்திப் பன்னெண்டு பக்கத்தையும் திரும்ப அடிக்கமாட்டேன்னு நான் சொல்லல. என் விரலு என்ன சொல்லுமோ, அது தெரியாது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நன்றியுரை இன்னும் அடிக்கல. அதுல இந்தம்மா பேர ஒரு வரி சேத்துடலாமே?"

"நன்றி எதுக்கும்மா எனக்கு?" என்றார் அந்த அம்மா. "நெலத்து நம்பரு வேணும்."

தாள்களை ஒழுங்காக அடுக்கி, நான்கு பக்கமும் தட்டிச் சமன் செய்து அட்டையை மூடினார். பிறகு என்னிடம் கேட்டார்.

"களத்துல எழுதுன நோட்டு இருக்குல்ல சார்? அதக் கொண்டாங்க."

"அதுல மத்தவங்க பேரும் இருக்கும்மா. தாசில்தார்கிட்ட குடுத்தா எதிர்த் தரப்பு வக்கீலும் வாங்கிப் படிப்பார். ஒரு பக்கத்தைக் கிழிச்சுக் குடுத்தா ஏத்துக்கமாட்டாங்க."

"யாரு யாரு?"

"அது சொல்லக் கூடாதும்மா."

தன் காலில் இருந்த சேற்றைப் பார்த்தார். "எங்க அண்ணன் மவன் இருக்கானா?"

நான் அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். அவருடைய அண்ணன் மகன் அதே மிராசுதாரிடம் இரண்டு மா குத்தகைக்கு வைத்திருந்தான். மூன்று பெண் குழந்தைகள். கள மரக்காலைப் பற்றி முதலில் சொன்னவன் அவன்தான்.

"இருக்கான் போலருக்கு" என்றார். எழுந்தார். "சரி. நோட்டு வேணாம். நீங்க வாங்க."

பத்து மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார். ஸ்டூலுக்குக் கீழே உதிர்ந்திருந்த மண்ணைத் தட்டச்சு செய்தவர் பெருக்கி அள்ளினார். முறையை மாற்றவில்லை. நூற்றுப் பதின்மூன்றாம் பக்கம் அன்று அடிக்கப்பட்டது.

வெள்ளிக்கிழமை பதினொன்று இருபதுக்கு அவர் மனுவைக் கூப்பிட்டார்கள். தாசில்தார் மேசைக்கு முன்னால் இரண்டு பெஞ்சுகள். ஒன்றில் மிராசுதாரின் வக்கீலும் காரியக்காரரும். மிராசுதார் வரவில்லை. மற்றொன்றில் அந்த அம்மாவும் நானும். மூன்று அறுப்புகளுக்கு அவர் குத்தகை நெல் அளந்து போட்டதைக் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னேன். வக்கீல் எழுந்தார்; மரியாதையாகத்தான் கேட்டார்.

"களத்துல கூலி ஆளுங்களும் இருந்தாங்களா சார்?"

"இருந்தாங்க."

"மூணு வருஷம் முன்னாடி யாரு எத்தனை மரக்கால் போட்டாங்கன்னு ஞாபகத்துலேருந்து சொல்றீங்களா?"

"எழுதிவச்சிருக்கேன்."

"எதுல?"

"ஆய்வேட்டுல பதினேழாம் எண்ணுன்னு இருக்கு."

"பதினேழு இந்தம்மாதான்னு அதுல எங்கயாவது இருக்கா?"

"இல்லை."

தாசில்தார் பேனாவைக் கீழே வைத்தார். "உங்ககிட்ட மூல நோட்டு இருக்குமே. பதினஞ்சு நாள் டைம் தரேன், கொண்டாந்து தாக்கல் பண்ணுங்க. பாத்துட்டு உத்தரவு போடறேன்."

நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வேப்பமரத்தடியில் அவருடைய அண்ணன் மகன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அவரை ஏற்றிவந்தவன் அவன்.

"நோட்டெல்லாம் இல்லீங்க" என்றார் தாசில்தாரிடம். "சாரு பாத்தாரு. பாத்தத வந்து சொன்னாரு. அவ்வளவுதாங்க எங்கிட்ட இருக்கு."

தாசில்தார் என்னைப் பார்த்தார். நான் மறுத்துப் பேசவில்லை. அவர் எழுதிக்கொண்டார்.

வராந்தாவில் காரியக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே என் அருகில் வந்தார். "என்ன சார், பேப்பர்ல இருந்தப்ப பேரு, வயசு, ஊரு எல்லாம் போட்டுக் கிழிப்பீங்க. டாக்டருக்குப் படிச்சதும் நம்பருக்கு எறங்கிட்டீங்களே? ஜெயில்லதான் ஆளுக்கு நம்பரு குடுப்பாங்கன்னு நெனச்சேன்."

அந்த அம்மா அவரைத் தாண்டிப் போய் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்தார். கிளம்பும்போது என்னிடம், "வர்றேன் சார்" என்றார்.

ஆவணியில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தேன். ஐந்து பிரதிகள். கடைசிக் கார்பன் பிரதி என்னிடம் இருக்கிறது, எழுத்து மங்கியது. தேர்வாளர்களில் ஒருவர், தகவலாளர்களின் அடையாளம் வெளிப்படாமல் காத்திருப்பதைத் தம் அறிக்கையில் தனியாகப் பாராட்டியிருந்தார். நெறியாளர் அந்த வரியை எனக்குப் படித்துக் காட்டினார். பதினொரு பேரில் எவருக்கும் எந்தத் தொந்தரவும் வரவில்லை. அண்ணன் மகனின் இரண்டு மா அவனிடமே இருந்தது.

அந்த அம்மா தன் குறுவையை அறுத்து முடித்த வாரத்தில், புரட்டாசி கடைசியில், உத்தரவு வந்தது. ஆவணச் சான்று இல்லாததால் மனு தள்ளுபடி என்று ஒரே பத்தி. அதன் நகலை எனக்குக் காட்ட அவர் வரவில்லை. தாலுகா அலுவலகத்தில் நானே வாங்கிப் படித்தேன். அதில் அவர் பெயர் மூன்று இடங்களில் இருந்தது. சர்வே எண்ணும் சரியாக இருந்தது.

ஐப்பசியில், தாளடி நடவு நடக்கும்போது, ஒருநாள் அந்த ஊருக்குப் போனேன். காலை ஏழு ஐந்து. மழை தூறிக்கொண்டிருந்தது. நாலு மாவிலும் தண்ணீர் நிறுத்தி, பரம்படித்து, நாற்று முடிகளை இறைத்திருந்தார்கள். காரியக்காரர் குடையோடு வரப்பில் நின்றார். அந்தப் போகத்தை மிராசுதார் சொந்தமாக வைத்தார். கூலிக்கு நட வந்த பெண்கள் பன்னிரண்டு பேர். அந்த அம்மா மேற்கிலிருந்து மூன்றாவதாக நின்று நட்டுக்கொண்டிருந்தார்.